நாலு மணிக்குப் பார்த்தவர்

திங்கட்கிழமை தன் கையால் மூடிய கோப்பு, புதன்கிழமை மத்தியானம் பட்டியலின் உச்சியில் திறந்து கிடந்தது.

ஆர்த்திகா முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மழைக்கால ஈரத்தில் ஊதிப்போன யன்னலை முழங்கையால் இடித்துச் சாத்தி, காதுக்கருவியை மாட்டி, ஒன்றரை மணி வேலைக்கு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். கல்லடியில் வாவியைப் பார்த்தபடி ஒரு மேல்வீட்டு அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பிளாஸ்ரிக் கதிரை, சிவப்பு முள் ஓடுகிற ஒரு சுவர் மணிக்கூடு. அவ்வளவுதான் அவளுடைய உலகம்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் சரியாக விளங்காது. ஆஸ்பத்திரி வேலை என்பார்கள். ஆனால் நோயாளி ஒருவரையும் அவள் கண்டதில்லை. இங்கிலாந்தில் ஏதோ கடலோரப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் டொக்டர்மாரும் தாதிமாரும் எழுதுகிற குறிப்புகள் இந்த மடிக்கணினிக்கு வரும். எங்கே ஒரு நேரம் விடுபட்டிருக்கிறது, எங்கே மருந்து இருக்கிறது காரணம் இல்லை, எங்கே இடது கால் வலது காலாகியிருக்கிறது என்று தேடிப் பிடித்து, எழுதியவரிடமே கேள்வி அனுப்பி, பதில் வந்தபின் கோப்பை மூடவேண்டும். அந்த வேலையில் சேர்ந்த முதல்நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். தெரியாததைக் கேள். நீயாக எழுதாதே.

ஆறு மாதம் ஒரு கோப்பும் தவணை தப்பாமல் மூடியவர்களை, அந்த ஆஸ்பத்திரியே பொறுப்பெடுத்து, விசா ஒழுங்குசெய்து, பிள்ளையோடு அங்கே கூப்பிடும். ஆர்த்திகாவுக்கு இது ஆறாவது மாதம். மிச்சம் பதினொரு நாள்.

பிள்ளை என்றால் மேனுகா, வயது ஆறு. புருஷன் விஜிதரன் கட்டாருக்குப் போய் அங்கேயே இன்னொரு வாழ்க்கை கண்டுகொண்டவன். அவனைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை. வேலை நேரத்தில் காதுக்கருவியின் மைக் திறந்தே இருக்கும்; அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்பது கம்பனி விதி. ஆறு வயதுப் பிள்ளையை எப்படி வாயைப் பொத்தி வைத்திருப்பது? அதனால் மேனுகா பழுகாமத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்குத் தாய் இருந்தாள். விசா வந்தால் ஏழு நாளும் இருப்பாள். இதுதான் கணக்கு, வேறொன்றுமில்லை.

அவள் கோப்பைத் திறந்தாள்.

ஒன்பதாம் கட்டில். பெண். வயது எண்பத்தொன்று. பெயரை அவர்கள் காட்டுவதில்லை. இதயம் பலவீனம், நுரையீரலில் நீர். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தே தூங்குவார் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ஏதோ ஒரு தாதி, இரக்கமுள்ள பிள்ளையாக இருக்கவேண்டும், இப்படி எழுதியிருந்தாள்: ‘நல்ல சுபாவம். ஆள் கிட்டப் போனால் கேட்காமலே கையைத் திருப்பி நீட்டுவார், நாடி பார்க்க. இரவில் யாராவது கதிரையில் உட்காரும்படி கேட்கிறார்.’

முதல்முறை படித்தபோது ஆர்த்திகாவுக்கு அதிலே சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

அதற்குப் பின் இரவுப் பதிவுகள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. இரண்டு மணி: ‘மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு. மூன்று தலையணை. சிரமமில்லை.’ ஆறு மணி: ‘உயிரில்லை.’ இடையில் நாலு மணி வரி வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருந்தது என்றால், திங்கட்கிழமை இரவு பத்துமணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை. கேள்வி அனுப்பி இரண்டு நாளாகியும் வார்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. பத்துமணி தாண்டினால் தவணை தப்பும். ஆறு மாதமும் தண்ணீரில் போகும். அவள் இரண்டு மணி வரியை அழுத்திப் பிடித்து நாலு மணிக்கு இழுத்துவிட்டாள். ஒரு விரல் அசைவு. பதினெட்டு மூச்சும், மூன்று தலையணையும், சிரமமில்லாமையும் அப்படியே இறங்கி வந்து குந்திக்கொண்டன. கோப்பு மூடிக்கொண்டது.

எப்படியும் அந்த மனிசி செத்துப்போச்சுதானே, என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டாள்.

இப்போது அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது: ‘நாலு மணிப் பதிவு உறுதியானதா? ஆம். இல்லை.’ வரிக்குக் கீழே, அன்றைய அவசரத்தில் கவனிக்காத சின்ன எழுத்தில், கணினி தானாகவே ஒன்று போட்டிருந்தது.

பார்த்தவர்: ஆர்த்திகா அழகரத்தினம்.

அவள் மேற்பார்வையாளனுக்குப் போன் எடுத்தாள். ஷிஹான் காத்தான்குடி ஆள், ஊரிலிருக்கிற இருபது பேரை மேய்க்கிறவன், நல்ல மனிசன்; அண்ணன் முறைக்கு அவனை நானா என்பாள்.

“ஷிஹான் நானா, ஒன்பதாம் கட்டில் திரும்பத் திறந்திரிக்கு.”

“அது மவுத்தான ஆள்ற கோப்பு. உசிர் போனா ஒருக்காத் தோண்டிப் பாப்பாங்க, அது வழமை. உன்ட வரி சரிதானே?”

வெளியே ஒரு இயந்திரத் தோணி வாவியைக் கிழித்துக்கொண்டு போனது.

“சரிதான் நானா.”

“அப்ப ஆம் எண்டு அடிச்சித்துப் போ பிள்ள. இன்னும் பதினொரு நாள். குளிர்ச்சட்டை வாங்கித்தயா? அங்க பொயித்து எங்கள மறந்துராத. ஒரு சொக்லேட் பெட்டியாவது அனுப்பு.”

‘ஆம்’ அடித்தாள்.

காதுக்கருவியில் அப்போது ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விட்டதுபோல, ஈரமாய், ஆறுதலாய், ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் நடுவில் கேட்டு ஓய்ந்தது.

*

அடுத்தநாள் காலை, மழை விட்டுக் கொஞ்சம் வெளிச்சம் வந்த நேரம், அவள் துவைத்த உடுப்பை யன்னல் கம்பியில் விரித்துக்கொண்டிருந்தபோது முதுகுப்பக்கமாக அது கேட்டது: வாவி வற்றும்போது சேற்றில் நண்டுப் பொந்துகளுக்குள் தண்ணீர் இறங்குமே, களக் களக் என்று, ஒரு பொந்து விட்டால் இன்னொரு பொந்து, அந்த மாதிரி; ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது, உள்ளே போனது, நின்றது, வெளியே வந்தது, நின்றது.

கீழ்வீட்டு நோறா அன்ரிக்கு இழுப்பு என்று எண்ணி அவள் ஓடி இறங்கினாள்.

நோறா பறங்கிக் குடும்பத்து மனிசி. எழுபத்திரண்டு வயதிலும் உதட்டுச் சாயம் பூசாமல் வாசலுக்கு வரமாட்டாள். விறாந்தையில் கிறிஸ்மஸ் கேக்குக்கு முந்திரிகைவற்றல் வெட்டிக்கொண்டு கால்மேல் கால் போட்டு இருந்தாள்.

“அன்ரி, இழுப்புக் கூடவா? மேல கேக்குது.”

“எனக்கா? மூணு நாளா நல்ல சுகம். பாடச் சொன்னாலும் பாடுவன்.” கத்தியை நிறுத்தி மேலே பார்த்தாள். “உன்ட அறையிலதான் கா ஆரோ இழுத்து இழுத்து மூச்சு விடுறது. கதிரை இழுத்த சத்தமும் கேட்டுது. ஆம்பிளை எண்டா எனக்கும் காட்டு, நான் ஒண்ணும் ஃபாதருக்குச் சொல்லமாட்டன்.”

அவள் சிரித்தாள். ஆர்த்திகாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு படியேறி வந்தாள்.

அறையில் சத்தம் இல்லை. கதிரை மட்டும் மேசையடியில் இருக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில், கட்டிலைப் பார்த்தபடி இருந்தது. உடுப்பு விரிக்கும்போது நானே தள்ளியிருப்பேன் என்று சொல்லி அதைத் திரும்ப மேசைக்கு இழுத்துப் போட்டாள். மனிதர் பயப்படத் தொடங்குமுன் இப்படி எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அவளும் சொன்னாள், பாவம்.

வெள்ளிக்கிழமை காலை மழை ஓயவேயில்லை. அறையில் ஒரு மணம் ஏறியிருந்தது, சோப்பும் முகப்பவுடரும் நனைந்த கம்பளியும் கலந்த மணம். கம்பளி இல்லாத ஊரில் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி அவள் பிள்ளைக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, நான் மணிக்கூடு பாக்கப் பழகித்தன். பெரியம்மாதான் காட்டித் தந்தவ. சின்ன முள்ளு, பெரிய முள்ளு, ஓடுற முள்ளு.”

“ஆ, கெட்டிக்காரி. மாமரத்தில கிளி வந்ததா?”

பிள்ளை எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க ஏன் தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிறீங்க?”

“இல்ல மகள். மழை.”

“மழை இல்ல. மூச்சு விடுற. பொறுங்க, ஓடுற முள்ளு ஒரு சுத்து வரட்டும்.” அவள் மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினாள். ஆர்த்திகா போனைக் காதிலிருந்து எடுக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல், தன் மூச்சை நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு நின்றாள். அடக்கியும் அது கேட்டது. களக். களக். கட்டில் பக்கமிருந்து.

“பதினெட்டு,” என்றாள் மேனுகா சந்தோஷமாக. “சரியா அம்மா?”

மடிக்கணினியின் மூலையில் இரண்டு நேரம் இருக்கும், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அவள் அதைப் பார்த்தாள். இங்கே ஒன்பதரை. அங்கே நாலு.

எல்லாருக்கும் பேய் இரவில் வரும். அவளுக்குப் பகல் வெளிச்சத்தில் வந்தது, ஏனென்றால் இரவு அங்கே இருந்தது.

திருத்த வழி இருந்தது. அழிக்க முடியாது, கையொப்பம் விழுந்த வரியை ஒருவரும் அழிக்க முடியாது. ஆனால் அதற்குக் கீழே பிந்திய பதிவு ஒன்று எழுதலாம். நாலு மணிக்கு யாரும் பார்க்கவில்லை, அந்த வரி நான் இழுத்து வைத்தது என்று. இரண்டே வசனம். எழுதினால் விசா போகும், வேலை போகும், மேனுகா பெரியம்மாவைத் தாயென்று சொல்லிப் பழகுவாள். ஒன்பது நாளைத் தள்ளிவிட்டால் போதும். ஒன்பது காலை. அந்த நேரம் வெளியே போய் நின்றால் போகிறது.

அன்று மத்தியானம் நோறா அன்ரி கொழும்புக்கு, மகள் கிம்பர்லி வீட்டுக் கிறிஸ்மஸுக்குப் புறப்பட்டாள். ஓட்டோவில் ஏறியபின் கையைப் பிடித்தாள். “உன்ட விருந்தாளியைப் பத்திரமாப் பாத்துக்க. காலையில கிடந்து ஆரையோ கூப்பிடுறா. பொம்பிளைக் குரல்தான்.” சிரிக்கவில்லை இந்தமுறை. கீழ்வீடு பூட்டப்பட்டது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே ஆர்த்திகா குடையோடு வெளியேறி, கல்லடிப் பாலத்தில் நனைந்த கைபிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே கலங்கிப் பெருகி ஓடுகிற தண்ணீரையும், வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுகிற ஆட்களையும் பார்த்தபடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றாள். பத்தரைக்குத் திரும்பினாள். முடிந்திருக்கும் என்று நினைத்தாள்.

முடியவில்லை.

கதவுக்கு வெளியிலேயே கேட்டது. பதினெட்டு இல்லை இப்போது. இருபத்தெட்டோ முப்பதோ. தட்டைப்படுக்கையில் கிடந்து தத்தளிக்கிற மூச்சு. அவள் படியில் குந்திக்கொண்டாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் படிப்படியாக இறங்கியது. ஒரு தாதியும் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. பதினொன்றரைக்கு, அங்கே ஆறு மணிக்கு, அது நின்றது.

உள்ளே போனாள். கதிரை தலைமாட்டில். அவளுடைய இரண்டு தலையணையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தது, நடுவில் ஒரு தலை அழுந்திய பள்ளத்தோடு. இரண்டு போதாது என்று அவளுக்குத் தெரியும். மூன்று வேண்டும்.

*

பின்னேரம் ஐந்து மணிக்கு அக்காவின் புருஷன் உதயரூபன் அத்தானின் மோட்டார்சைக்கிள் வாசலில் நின்றது. முன்னால் பொலித்தீன் உறைக்குள் மேனுகா.

“என்ன அத்தான், நாளைக்குத்தானே...”

“நாளைக்கு எங்க வாற? ரோட்டுக்கு மேல தண்ணி ஏறுது, வயல்வட்டையெல்லாம் ஒரே வெள்ளம். இப்ப விட்டா மறுகா தோணிதான். செவ்வாய்க்கிழமை உங்களுக்குக் கொழும்பில விசா மெடிக்கல் எண்டாய்தானே? அதான் கொண்டந்துத்தன்.”

“அத்தான், பிள்ளையை இண்டைக்கு மட்டும் திருப்பிக் கூட்டிப் போக ஏலாதா?”

அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். “பிள்ளை காலையில இருந்து உடுத்துத்து நிக்கிறாள் கா, அம்மாட்டப் போகோணும் எண்டு. திருப்பிக் கொண்டுபோனா நடுவழியில ரெண்டு பேரும் முதலைக்குச் சாப்பாடு.” மோட்டார்சைக்கிளைத் திருப்பினான். பின்விளக்கு மழைக்குள் சிவப்பாய்க் கரைந்தது.

மேனுகா உறையை உரித்துப் போட்டுவிட்டு, மார்போடு அணைத்து வைத்திருந்ததைக் காட்டினாள். முயல் படம் போட்ட அவளுடைய சின்னத் தலையணை.

“இது இல்லாட்டி எனக்கு நித்திரை வராது அம்மா.”

மூன்று.

அந்த இரவு அறையில் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை தாயின் கைக்குள் சுருண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, பூனைக்குட்டி போல மெல்லிய குறட்டையோடு தூங்கினாள். ஆர்த்திகா அந்தச் சூட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு இருட்டுக்குள் யோசித்தாள். விடிவதற்குள் தீர்மானித்தாள். ஒன்பதரைக்கு முன் எழுதிவிடுவது. விசா போனால் போகட்டும். பழுகாமத்துக்கே போய் அக்காவோடு இருந்து நாற்று நட்டாலும் பிள்ளை பக்கத்தில் இருப்பாள். அப்படி நினைத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அந்த நிமிடம் யாராவது அவளுக்குக் கைகொடுத்திருக்கலாம்.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கரண்ட் போனது. கருமேகத்தில் அறை மாலைபோல இருந்தது. மழைக் குளிருக்கு மேனுகா எழும்பவில்லை. ஆர்த்திகா மடிக்கணினியின் மிச்ச மின்னில் கோப்பைத் திறந்தாள். பிந்திய பதிவு.

‘நாலு மணிக்கு நோயாளியை ஒருவரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. அந்த வரியை நான் இழுத்து வைத்தேன்.’

மணி ஒன்பது பதினெட்டு. விரல் அனுப்புகிற பொத்தானில்.

போன் அடித்தது. ஷிஹான்.

“ஞாயித்துக்கிழமை நித்திரையைக் கெடுத்துத்தனா? கேள் பிள்ள. ஒன்பதாம் கட்டில் விசாரணை முடிஞ்சுது. நாலு மணிக்குப் பாத்திரிக்காங்க, ஒருத்தரிலயும் பிழையில்ல எண்டு மூடித்தாங்க. அதோட உன்ட ஆறு மாசத்தையும் பாத்து, முன்னுக்கே கடிதம் அனுப்பித்தாங்க. இந்தா என்ட கையில இரிக்கு. உன்ட பேரும் பிள்ளைட பேரும், ரெண்டு பேர்ட பேரும்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“அழாத பிள்ள. அழுறயா? நல்ல நாள்ல அழக்கூடாது. எந்த வார்டு எண்டும் போட்டிரிக்காங்க. உனக்கு வாய்ச்சது அந்த வார்டுதான். ஒன்பதாம் கட்டில் வார்டு.” அவன் சிரித்தான். “மவுத்தானாலும் அந்த மனிசி உனக்குத் துணை நிண்டிரிக்கு.”

போனை வைத்தாள். திரையில் இரண்டு வசனம் இன்னும் இருந்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். போர்வைக்குள் ஒரு சின்ன மேடு. ஏழு நாளும் அம்மா. ஏழு நாளும்.

பின்பக்கமிருந்து அழிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக. வைத்தேன். இழுத்து. நான். வரியை. கடைசி எழுத்தும் போனபோது மணி ஒன்பது இருபத்தேழு.

கதிரையில் இருந்தபடி காத்திருந்தாள். வந்தால் வரட்டும். இன்னும் கொஞ்சநாள். காதைப் பொத்திக்கொள்ளலாம்.

இருபத்தெட்டு.

மழை நின்றது. கூரையில் கடைசித் துளிகள். பிறகு அதுவும் இல்லை. பாலத்தில் வாகனம் இல்லை. தவளை இல்லை.

இருபத்தொன்பது.

மூச்சு வரவில்லை. கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. களக் இல்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, மூன்று நாளில் முதல்முறையாக, வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

பூனைக்குட்டிக் குறட்டையும் இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் எழும்பவில்லை, திரும்பவும் வேண்டியிருக்கவில்லை. கதிரை மேசையடியில் இல்லை. அவள் அதில் இருந்தபடியே, கட்டிலின் தலைமாட்டில் இருந்தாள்.

மூன்று தலையணை. பெரியது, பெரியது, மேலே முயல்.

அதில் மேனுகா சாய்ந்திருந்தாள். நிமிர்ந்து. வயதானவர்கள் சாய்கிற மாதிரி, தோள் இரண்டும் காதுவரை ஏறி. கண் திறந்திருந்தது. உதட்டோரம் நீலம். நனைந்த கம்பளி மணம்.

“மேனு?”

அந்தக் கண்கள் தாயைப் பார்க்கிற கண்கள் இல்லை. வெகுநேரம் வாசலைப் பார்த்துப் பார்த்து இருந்துவிட்டு, கடைசியில் ஒருவர் வந்ததைக் கண்ட கண்கள். அதிலே கோபம் இல்லை. நன்றிதான் இருந்தது.

பிள்ளை போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். கேட்காமலே. மணிக்கட்டை மேல்பக்கம் திருப்பி நீட்டினாள்.

ஆர்த்திகா இரண்டு விரலை அதில் வைத்தாள். வாவியின் அடித்தண்ணீர்க் குளிர். கரண்ட் இல்லாத அறையில் சுவர் மணிக்கூட்டின் சிவப்பு முள் மட்டும் ஓடியது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள், பார்க்கிறவர் பார்க்கிற மாதிரி.

ஒன்பதரை.

சின்ன நெஞ்சு உயர்ந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் அலைந்தது. நெஞ்சு தாழ்ந்தது.

“ஒண்டு,” என்றாள்.

சிவப்பு முள் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றுத் தொடங்கியது. நீட்டிய கையை விடாமல், கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல், அவள் இரண்டுக்காகக் காத்திருந்தாள்.